உள்ளுக்க இருந்தவர்

நான் குற்றமற்றவன் என்று பொலிசிடம் கடிதம் கேட்டு விண்ணப்பித்த நாளிலிருந்துதான் குற்றவாளி மாதிரி நடக்கத் தொடங்கினேன். அதற்கு முதல், வெள்ளவத்தைச் சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் பொலிஸ்காரரைக் கண்டால் தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போகிற ஆள் நான். விண்ணப்பித்த மறுநாள் காலை அவரைக் கண்டதும் காலி வீதியைக் குறுக்கே கடந்து மறுபக்கத்தால் போக வெளிக்கிட்டேன். பாதி வீதியில், விலகிப் போனால் சந்தேகம் வருமே என்று யோசனை வந்தது. திரும்பினேன். ஒரு பஸ் சடக்கென்று பிரேக் பிடித்தது. நடத்துனர் படியில் தொங்கியபடி என் குடும்பத்தைப் பற்றிச் சிங்களத்தில் சில கருத்துகளைச் சொன்னார். பொலிஸ்காரர் என்னை நன்றாகப் பார்த்தார். இப்போது என் முகம் அவருக்குப் பாடம் என்று நினைத்துக்கொண்டே கடைக்குப் போனேன்.

மனைவியும் மகளும் போன வருடமே ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். மனைவிக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டியிருந்தது. புறக்கோட்டையில் மின்விசிறியும் விளக்கும் விற்கிற கடை ஒன்றுக்கு நான் மனேஜர். பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு. பின்னால் வருகிறவனின் விசாக் கோப்பு அங்கே ஏதோ ஒரு மேசையில் குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றது. கடைசியில் ஒரு கடிதம் வந்தது: பொலிஸ் ரிப்போட்டைக் குறித்த தவணைக்குள் அனுப்பவும், தவறினால் கோப்பு மூடப்படும். மகள் தொலைபேசியில் தன் உயரத்தைக் கதவு நிலையில் கோடு போட்டுக் காட்டுகிற வயது. ஒவ்வொரு முறையும் கோடு ஏறிக்கொண்டிருந்தது. நான் வெள்ளவத்தையில் அதே உயரத்தில் இருந்தேன்.

மற்றவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. விண்ணப்பிப்பார்கள், வசிக்கிற பகுதிப் பொலிசார் ஒருநாள் வந்து விசாரிப்பார்கள், பிறகு கடிதம் வரும். மனைவி அப்படித்தான் எடுத்தா. பிரச்சினை என்னுடைய வாயில் இருந்தது.

இருபது வயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். யுத்த காலம். ஒருநாள் பொலிசாரின் சுற்றிவளைப்பு. என்னுடைய ஐடென்டி கார்டில் யாழ்ப்பாண முகவரி. ஏற்றிக்கொண்டு போய் ஒரு பொலிஸ் நிலையத்தின் நீள மர வாங்கில் விடியும்வரை இருத்தி வைத்தார்கள். காலையில் லொட்ஜ்காரர் வந்து ஆள் தெரிந்தவன் என்று சொல்ல விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த இரவு முழுக்க நான் வாய் திறக்கவில்லை. சலம் முட்டிக்கொண்டு வந்தது, கக்கூசுக்குப் போகக் கேட்கக்கூட நா எழவில்லை.

ஆனால் இதை யாரிடம் இப்படியே சொல்வது? முதல் தடவை ஒரு கலியாண வீட்டில் சொன்னபோது கொஞ்சம் உப்பும் புளியும் போட்டேன். சிரித்தார்கள். அடுத்த கலியாண வீட்டில் ஒரு இரவு ஒரு கிழமையானது. அதற்கடுத்து, "நான் மூண்டு மாசம் உள்ளுக்க இருந்தனான்" என்று தொடங்கினால்தான் ஆட்கள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். அதில் நான் பொலிஸ் நிலையப் பெரியவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொடுப்பேன், அவர் குடித்துவிட்டு "இவனை விட்டால் தேத்தண்ணிக்கு என்ன செய்வது" என்று விடுதலையைத் தள்ளிப்போடுவார். அந்த இடத்தில் சபை குலுங்கும். உண்மையில் எனக்குத் தேத்தண்ணி ஊத்தவே தெரியாது.

விசா விண்ணப்பத்தில், எப்போதாவது கைதாகியோ தடுத்து வைக்கப்பட்டோ இருந்தீர்களா என்று ஒரு கேள்வி. "ஓம் எண்டு போட்டு நடந்ததை மட்டும் எழுதுங்கோ" என்றா மனைவி. எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தா.

"இதென்னப்பா, தேத்தண்ணி எல்லாம் வருது?"

"வாசிக்கிற ஆளுக்கும் ஒரு சுவாரசியம் வேணுமெல்லே."

"அவை விசா குடுக்கிற ஆக்கள். கை தட்டுற ஆக்கள் இல்ல. ஒரு ராத்திரி. வாங்கு. காலமை விட்டவை. மூண்டு வரி. விளங்கிச்சோ?"

மூன்று வரிதான் போனது. ஆகவே என் தலைவிதி இப்படி அமைந்தது: நான் ஒரு இரவு என்று எழுதியிருக்கிறேன். பொலிஸ் ரிப்போட்டும் அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டும். விசாரிக்க வருகிறவரிடம் யாராவது மூன்று மாதம் என்று சொல்லி, அது எழுத்தில் ஏறிவிட்டால் நான் பொய்யன். கோப்பு மூடிவிடும். மகள் கதவு நிலையின் உச்சிக்கு வளர்ந்துவிடுவாள்.

அந்த யாராவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் தொடர்மாடியில் எனக்கு நேர் எதிர்க் கதவு அக்கா. சாவகச்சேரிப் பக்கம் பிறந்து, கொழும்புக்கு வந்து கனகாலம். சிங்களம் மட்டும் அவவின் நாக்கில் அரைகுறையாகத்தான் குடியிருந்தது. மனைவி போன கையோடு வந்த வருடப்பிறப்புக்குத் தொடர்மாடிக்காரர் எல்லாரும் மொட்டை மாடியில் கூடினோம். அங்கே நான் என் மூன்று மாதத்தை முழு அலங்காரத்தோடு அரங்கேற்றினேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பாவம் தம்பி" என்று மெதுவாகச் சொன்னா. அடுத்த வெள்ளிக்கிழமை கதவைத் தட்டிப் புட்டும் சம்பலும் தந்தா. அதற்கடுத்த வெள்ளியும். சிறையில் வாடியவன் என்று இரங்கித் தருகிறா என்று எனக்கு விளங்கியது. கதையைத் திருத்தியிருக்கலாம். ஆனால் புட்டு நல்ல புட்டு.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. விசாவுக்குப் பழைய முகவரிகள் எல்லாம் கேட்டிருந்தார்கள். கொட்டாஞ்சேனை லொட்ஜின் வீட்டு இலக்கம் எனக்கு மறந்து போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். தேவாலயத்தில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் இறக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். லொட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக்கு உறை போடுகிற கடை. வாசலில் நின்று இலக்கத்தை அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வெளியே வந்தார்.

"என்ன அங்கிள், போனுக்குக் கவர் போடவா?"

"இல்லத் தம்பி, வீட்டு நம்பர் பாக்க வந்தனான்."

"எதுக்கு? வாங்கப் போறீங்களா?"

"நான் முந்தி இஞ்ச இருந்தனான்."

"எங்க, கடைக்குள்ளயா?"

"உள்ளுக்..." என்று தொடங்கி வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அந்தச் சொல்லை விட்டு நான் சத்தியமாக விலகியிருந்த காலம் அது. கடைக்காரர் ஒரு அடி பின்னால் போனார். இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, அவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு உறையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அது என் தொலைபேசிக்குப் பொருந்தவில்லை.

பிறகு காத்திருப்பு. காவலாளியிடம் சொன்னேன்: யாராவது வந்து கேட்டால் நல்ல மனிதர் என்று சொல்லு. அவர், "ஏன் மஹத்தயா, என்ன செய்தீங்கள்?" என்று கேட்டார். கீழே உள்ள பலசரக்குக் கடை முதலாளியிடமும் சொன்னேன். அவர் அன்றிலிருந்து எனக்குக் கடன் தருவதை நிறுத்தினார். அக்காவிடம் மட்டும் சொல்லத் துணிவு வரவில்லை. மூன்று மாதம் பொய் என்று ஒப்புக்கொண்டால், தின்ற புட்டுக்கு என்ன பதில் சொல்வது? சொல்லாமல் விட்டால், அவ வாயில் என்ன வரும்? கடையில் மின்விசிறி வாங்க வந்த ஒருவர், "இது சத்தம் போடுமா?" என்று கேட்க, "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று பதில் சொன்ன நாள்கூட உண்டு.

விசாரிக்கிறவர் வந்தது ஒரு லீவு நாள் காலை. நான் வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு நின்றேன். மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம். அந்தச் சத்தத்தை உடம்பு மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கதவுத் துளையில் கண்ணை வைத்தேன். இளம் பொலிஸ்காரர், கையில் கோப்பு. அக்கா குப்பை வாளியோடு வெளியே வந்துகொண்டிருந்தா. அவர் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். அக்கா என் கதவைக் காட்டி, தன் அரைகுறைச் சிங்களத்தில் உரக்கச் சொன்னா:

"அத்துலே ஹிட்டியா. அத்துலே ஹிட்டியா."

உள்ளே இருந்தார். தமிழில் போலவே சிங்களத்திலும் அதற்கு இரண்டு பொருள். வீட்டுக்குள்ளேயும் இருக்கலாம், கம்பிக்குள்ளேயும் இருக்கலாம். இருக்கிறார் என்றால் 'இன்னவா' என்று சொல்ல வேண்டும். அக்கா 'ஹிட்டியா' என்றா. இருந்தார். முடிந்துபோன காலம். அதையும் இரண்டு தரம் சொன்னா. பொலிஸ்காரர் "ஹிட்டியா?" என்று திருப்பிக் கேட்டார். அக்கா தலையை மேலும் கீழும் ஆட்டினா. அவர் கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார்.

பிறகு என் கதவைத் தட்டினார்.

கால் அசையவில்லை. திற, சிரி, வாங்கோ சேர் என்று சொல், தேத்தண்ணி கொடு என்று மூளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முழங்கால் அந்த வாங்கில் இருந்துகொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றேன். மறுபடியும் தட்டினார். சலம் முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் சப்பாத்துச் சத்தம் படியிறங்கிப் போனது. பொலிஸ் ரிப்போட் கேட்டு விண்ணப்பித்தவன், பொலிஸ் வந்தபோது ஒளித்துவிட்டான். இப்படி ஒரு காரியத்தைச் செய்ய எனக்கு மட்டும்தான் முடியும்.

மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே படுக்கப்போகிற நேரம்.

"கதவைத் திறக்கேல்லையோ?"

"கால் வரேல்லையப்பா."

"நாக்கு மட்டும் எல்லா இடமும் போகும். இப்ப என்ன செய்யப் போறியள்?"

"ஒரு வேளை திரும்ப வருவார்..."

"வரமாட்டார். ஆள் இல்லையெண்டு எழுதி மூடிப்போடுவார். உடன வெளிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போங்கோ. போய் உள்ளதைச் சொல்லுங்கோ. உள்ளதை மட்டும். பிள்ளை இன்னும் நித்திரை கொள்ளேல்லை. அப்பா எப்ப வாறார் எண்டு கேக்கிறாள். நான் என்ன சொல்ல?"

தொலைபேசியை வைத்துவிட்டுச் சாரத்தை மாற்றினேன்.

வெளிக்கிடும்போது அக்காவின் கதவைத் தட்டினேன். "அக்கா, இப்ப வந்தவரிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"நீர் உள்ளுக்க இருந்தவர் எண்டு சொன்னனான்."

"எதுக்குள்ள?"

"இதென்ன கேள்வி? அவர் திரும்பிப் போட்டாரே, நீர் ஏன் கதவு திறக்கேல்லை?" என்று கேட்கும்போதே குக்கர் விசிலடிக்க, அவ உள்ளே ஓடிவிட்டா. எதுக்குள்ளே என்பது தெரியாமலே நான் படியிறங்கினேன்.

பொலிஸ் நிலையத்துக்குள் என் காலால் நானே நடந்துபோனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சுவரோரம் வாங்கு. நாலைந்து பேர் இருந்தார்கள். கைப்பை தொலைத்த ஒரு பெண், மோட்டார்சைக்கிளில் தட்டுப்பட்ட ஒரு கிழவர். வாங்கில் இடம் இருந்தும் நான் நின்றுகொண்டேன். காலையில் வந்த அதே இளம் பொலிஸ்காரர் மேசையில் இருந்தார். பெயரைச் சொன்னதும் கோப்பை எடுத்தார்.

என்னிடம் இருப்பது மின்விசிறி விற்கிற சிங்களம். உத்தரவாதம் சொல்ல, விலை குறைக்க, மூன்று இறகா நாலு இறகா என்று விளக்க அது போதும். என்னையே விற்க அது காணாது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனத்தை வணக்கம்கூடச் சொல்லாமல் எடுத்துவிட்டேன்.

"சேர், மம அத்துலே ஹிட்டியே நே." நான் உள்ளே இருக்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சிங்களத்தில்தான். நினைவில் தமிழாகிவிட்டது.

"அந்த அக்கா இருந்தார் என்று சொன்னாரே?"

"அவவுக்குத் தெரியாது சேர். நான் சொன்னதை நம்பிவிட்டா."

"நான் தட்டியபோது உள்ளே மின்விசிறி சுத்துகிற சத்தம் கேட்டது."

"அது எப்போதும் சுத்தும் சேர்."

"கதவுத் துளையில் ஒரு கண் இருந்தது. அதுவும் எப்போதும் இருக்குமா?"

கைப்பை தொலைத்த பெண் சிரித்துவிட்டா. என் வாழ்க்கையில் நான் முயற்சி செய்யாமலே ஒரு சபை சிரித்தது அப்போதுதான். "கண் என்னுடையதுதான் சேர்" என்றேன். "வீட்டுக்குள் இருந்தேன். சிறைக்குள்தான் இருக்கவில்லை. மூன்று மாதமும் இல்லை."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "சிறையைப் பற்றி யார் கேட்டது?"

யாரும் கேட்கவில்லை. கோப்பில் அவர் எழுதியிருந்தது, ஆள் வீட்டில் இருந்தும் கதவு திறக்கவில்லை என்பதுதான். நானாகவே போய், நானாகவே சிறையை அவர் மேசையில் வைத்துவிட்டேன். வாங்கு முழுவதும் என்னைப் பார்த்தது. அவர் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். பேசாமல் காத்திருக்கப் பழகியவர்களுக்கு முன்னால் என்னைப் போன்றவர்கள் கொட்டிவிடுவோம்.

சொன்னேன். கொட்டாஞ்சேனை, லொட்ஜ், வாங்கு, காலை. தேத்தண்ணி இல்லை. பெரியவர் இல்லை. சொல்லி முடிக்க எடுத்த நேரத்துக்கு ஒரு மின்விசிறியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவும் முடியாது. இவ்வளவு சின்னதா அது என்று எனக்கே அதிசயமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் பிடித்தார்கள்?"

"ஐடென்டி கார்டில் யாழ்ப்பாணம் என்று இருந்தது சேர்."

அவர் அந்தக் காலத்தில் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்திருப்பார். பேனையை எடுத்தார். "அந்தக் காலத்தில் எல்லாரையும்தானே" என்றார், மழையைப் பற்றிச் சொல்வதுபோல. ஆறுதலுக்குச் சொன்னாரா, கதையை முடிக்கச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. இந்த முகவரியில் எவ்வளவு காலம், வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவியும் மகளும் கனடாவில் என்றேன். மகளுக்கு என்ன வயது என்று கேட்டார். அது விசாரணையில் இல்லாத கேள்வி என்று நினைக்கிறேன். கையெழுத்து வைக்கச் சொன்னார். என் கையெழுத்து ஐடென்டி கார்டில் இருந்ததைப்போல் வரவில்லை. இரண்டாம் தரம் வைக்கச் சொன்னார்.

"ஹரி, யன்ன" என்றார். போகலாம். நான் வாசலுக்குப் போனதும் பின்னால் கூப்பிட்டார்.

"மஹத்தயா, இனி யாராவது தட்டினால் கதவைத் திறவுங்கள். நாங்கள் கடிக்கமாட்டோம்."

வீட்டுக்கு வர அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றா. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தா. குடித்துக்கொண்டே மூன்று மாதக் கதையைத் திருத்தினேன்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றா.

"என்ன தெரியும்?"

"உம்மட கதை பொய் எண்டு. அண்டைக்கு மாடியில வச்சே தெரியும்."

"பேந்து ஏன் பாவம் எண்டனீங்கள்?"

"பெண்சாதி பிள்ளை இல்லாத வருசப்பிறப்பில ஒரு மனிசன் இப்பிடி நிண்டு ஆடினாப் பாவம் இல்லையே? என்னத்தை அவிச்சுத் தின்னுதோ எண்டுதான் புட்டுத் தந்தனான்."

"பொய் எண்டு எப்பிடிக் கண்டனீங்கள்?"

அவ என் கோப்பையை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தா. "என்ர அண்ணர் ரெண்டு வருசம் உள்ளுக்க இருந்தவர். உண்மையா இருந்தவர். வந்தாப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லு அவற்ற வாயில இருந்து வரேல்ல. வீட்டில ஒரு கதவும் பூட்ட விடமாட்டார். குளிக்கிற அறைக் கதவும் திறந்தபடிதான். நாங்கள் பொம்பிளையள் ஒருத்தி வெளிய காவல் நிண்டு குளிப்பம்." ஈரக் கையைச் சேலையில் துடைத்தா. "நீர் மூண்டு பூட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிற ஆள்."

எழும்பினேன். என் வீட்டுக் கதவை, உண்மையிலேயே மூன்று பூட்டு அதற்கு, ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே போனேன். போனபிறகு பூட்டாமல் விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பயம் வந்து ஒன்றைப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தவணை நெருங்க நெருங்க நான் தபாற்காரரைக் கண்டால் படியால் ஓடி இறங்கினேன். கடிதம் வந்த அன்று கடையில் நின்றேன். அக்காதான் வாங்கி வைத்திருந்தா. "அவர் உள்ளுக்க இல்லை எண்டு தபால்காரருக்குச் சொன்னனான், சரியோ?" என்று கேட்டுவிட்டு முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் நீட்டினா. பகிடி விடுகிறதில் அவ என்னைவிடக் கெட்டிக்காரி என்பது அப்போதுதான் விளங்கியது.

உறையைக் கிழிக்கும்போது ஓரம் கடிதத்தோடு கிழிந்துவிடுமோ என்று பயந்து கத்தரிக்கோல் தேடினேன். வெட்டினால் உள்ளே வெட்டுப்படுமோ என்று பயந்து கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கையாலேயே திறந்தேன். எனக்குப் பாதகமாக எதுவும் பதிவில் இல்லை என்று இருந்தது. எதுவும் இல்லை. அந்த வாங்கு இல்லை, அந்த இரவு இல்லை. நான் விசாவுக்கு எழுதிய மூன்று வரியைத் தவிர அது எங்கேயும் இல்லை. சந்தோசத்தோடு ஒரு சின்னக் கோபமும் வந்தது. அவ்வளவு பயந்தேனே, ஒரு வரியாவது எழுதி வைத்திருக்கக்கூடாதா?

படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"பேர் எழுத்து பாஸ்போட்டில உள்ள மாதிரியே இருக்கோ? திரும்ப ஒருக்காப் பாருங்கோ."

பாஸ்போட்டைத் தேடப் போனேன். வைத்த இடத்தில் இல்லை. மனைவி தொலைபேசியில் காத்திருந்தா. பின்னால் மகளின் குரல் கேட்டது: "அம்மா, அப்பா வாறாரோ?"

பாஸ்போட் என் சட்டைப் பையிலேயே இருந்தது. எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"வாறன் எண்டு சொல்லு" என்றேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.